சித்திரக்கதை வீரரின் பூர்வோத்தரம்

ஒருவன் பிறர்க்கில்லாத ஆற்றலுடையான் என்று கேட்டவுடனே, 'அஃது அவனுக்கு எங்ஙனம் வந்தது?' என வினவுதல் மக்கட்கு இயல்பு. நம் புராணங்கள் அவ்வினாவிற்குத் தவம், வரம், சாபம் என்னும் மூன்றனுள் ஒன்றை விடையாக்கும். சித்தர் கதைகளை நாடினால் குளிகையும் அஞ்சனமும் விடையாகும். மேனாட்டார் இயற்றிய சித்திரக்கதைகளோ தவத்தின் இடத்தில் ஆராய்ச்சிச் சாலையையும், சாபத்தின் இடத்தில் விபத்தையும் அமைத்துக்கொண்டன. 1938ஆம் ஆண்டிலே தோன்றிய சூப்பர்மேன், அதற்கு அடுத்த ஆண்டிலே தோன்றிய பேட்மேன் முதலியோரின் பிறப்பும் வளர்ப்பும் திரைப்படங்களின் வாயிலாக இன்று சிறு குழந்தைகளும் அறிந்தவை. அவற்றை ஈண்டு விரித்தல் மிகை. யாம் எடுத்துக்கொண்டவர் வேறு சிலர். தாம் பிறந்த பிரிட்டன் தேசத்திலே பல்லாண்டு மறக்கப்பட்டுக் கிடந்தும், தமிழ்நாட்டிலே உறவினர் பெயரைப் போல வழங்கப்பட்டு வருபவர் அவர்.

எம் கலாசாலையில் பயில்வோருள்ளும் பயின்று சென்றோருள்ளும் போடிநாயக்கனூரையும் அதற்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளையும் சார்ந்தோர் பலர். போடி மலையடிவாரத்து ஊர். விடியுமுன்னரே கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் வண்டிகள் போடிமெட்டுச் சாலையில் வரிசையாக ஏறுவதும், மாலையில் அவ்வாறே இறங்குவதும் அவ்வூரார்க்கு நாள்தோறும் காணும் காட்சி. மலைமேல் விளைந்த ஏலக்காய் கீழே இறங்கி ஏலமிடப்படும். கீழிருந்து அரிசியும், மண்ணெண்ணெயும், கருவாடும், தீப்பெட்டியும் மேலே ஏறும். இவ்வாறு ஏறிய சாமான்களினூடே, 1970களிலிருந்து, சிவகாசியில் அச்சான சிறு புத்தகங்கள் சிலவும் ஏறின. அவையே முத்து காமிக்ஸ். சௌந்தரபாண்டியன் என்பார் தொடங்கிய அவ்வெளியீட்டின் முதற் புத்தகம் 1972ஆம் ஆண்டில் வந்த 'இரும்புக்கை மாயாவி'. ஒரு புத்தகம் ஒரு தோட்டத்தை அடையுமாயின், அங்குள்ள லயத்து வீடுகள் அனைத்தையும் சுற்றி வந்து, மேலட்டையை இழந்து, மூலைகள் மடிந்து, கடைசியில் யாருடையது என்று சொல்லவொண்ணாத நிலையை எய்தும். யாம் எழுதப் புகுந்தது அத்தகைய புத்தகங்களைப் படித்து வளர்ந்தோர் என்னும் உரிமை பற்றியே.

இரும்புக்கை மாயாவியின் இயற்பெயர் லூயி கிராண்டல் என்பது. 'வாலியண்ட்' என்னும் ஆங்கில வாரப் பத்திரிகையில் 1962ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவன் முதன்முதல் தோன்றினான். கதையைப் புனைந்தவர் கென்னத் புல்மர் என்னும் விஞ்ஞானக் கதையாசிரியர். சித்திரம் வரைந்தவர் ஹெஸூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் தேசத்தவர். பிளாஸ்கோவின் கைவண்ணத்தைக் குறித்து ஒரு வார்த்தை. கறுப்பு மை ஒன்றையே கொண்டு, மழையில் நனைந்த தெருவையும், விளக்கொளி விழும் மாடிப்படியையும், அச்சத்தால் வெளிறிய முகத்தையும் அவர் காட்டியிருக்கும் திறம் வர்ணப் படங்களிலும் காண்டற்கரியது. மலிவான தாளில் அச்சேறியும் அச்சித்திரங்கள் கெடாது நின்றன.

கிராண்டல் ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். முன்னரே நேர்ந்த ஒரு விபத்தில் வலக்கையை இழந்து, அதற்கு ஈடாக எஃகினாலாகிய கையைப் பொருத்திக்கொண்டவன். பாரிஞ்ஜர் என்னும் அவ்விஞ்ஞானி அமைத்த யந்திரம் வெடித்தபோது, அளவிறந்த மின்சாரம் அவனுடலிற் பாய்ந்தது. சாவான் என்று எண்ணத்தக்கவன் சாகவில்லை, மறைந்தான். உடலும் உடையும் கண்ணுக்குப் புலனாகாது போக, எஃகுக்கை ஒன்றுமட்டும் அந்தரத்தில் நின்றது. அன்றுமுதல் மின்சாரம் தாக்கும்போதெல்லாம் அவன் மறைவான். அதன் வேகம் தணிந்தவுடன் மீண்டும் வெளிப்படுவான்.

அவனது ஆற்றல் இவ்வளவே. பறக்க இயலாது, மலையைத் தூக்க இயலாது, குண்டு பட்டால் சாவான். மறைவும் சிறிது பொழுதே நிற்கும். பகைவர் கூடாரத்தின் நடுவே மறைவு கலைந்து அவன் வெளிப்படுமிடங்கள் கதைகளிற் பல. அவ்விடங்களிலேதான் படிப்போர்க்கு மூச்சு நிற்கும். எல்லையற்ற ஆற்றலுடையானைக் குறித்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. மின்கம்பி ஒன்றைத் தேடி இருளிலே தடவும் ஒருவனைக் குறித்துக் கவலைப்படப் பக்கந்தோறும் இடமுண்டு. பிற்காலத்துக் கதைகளில் அவ்விரும்புக்கை துப்பாக்கியாகவும், வானொலியாகவும், விஷவாயுக் கலமாகவும் பயன்படும்படி செய்யப்பட்டது. அஃது எமக்கு அத்துணை உவப்பானதன்று. கருவிகள் கூடக்கூடக் கதையின் இறுக்கம் தளர்ந்தது என்பதே எம் கருத்து.

ஈண்டு வேடிக்கையான ஒன்றுண்டு. மலைக்கு அப்பாலுள்ள பள்ளிவாசலில் 1940ஆம் ஆண்டிலேயே நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் எடுக்கப்பட்டது. ஆயினும் எம்முட் சிலர் பிறந்த ஏலத்தோட்டங்களில், மாயாவி வந்து சேர்ந்த காலத்தும் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்சாரத்தால் ஆற்றல் பெறுவோனைச் சிம்னி விளக்கின் முன்னே அமர்ந்து படித்தோம். ஊரிலுள்ள தாய்மார்கள், பிள்ளைகள் மாயாவியைப் பின்பற்றிக் கம்பியைத் தொட்டுவிடுவார்களோ என்று அஞ்சினர். தோட்டத்துத் தாய்மார்களுக்கு அவ்வச்சம் இல்லை, தொடுதற்குக் கம்பி இல்லாமையால்.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இம்மறைவை ஒப்புவதில்லை. துணியும் தோலும் மறைய எஃகு மட்டும் மறையாமைக்குக் காரணம் யாது என்பர். அதனினும் வலிய தடை ஒன்றுண்டு. கண்ணினுள் விழும் ஒளியைத் திரை தடுத்துக் கொண்டாலன்றிப் பார்வை உண்டாகாது. முற்றும் மறைந்தவனது கண்திரை ஒளியைத் தடாது விட்டுவிடுமாதலால், பிறர் காணாதவன் பிறரைக் காணவும் மாட்டான், குருடனேயாவான். இத்தடை ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட மறைந்த மனிதன் கதைக்கும் பொருந்தும். கதையோ பௌதிகத்தின் அனுமதியை எதிர்பார்த்து நடப்பதன்று.

அவ்விஞ்ஞானத் தடையினும் எம்மைச் சிந்திக்கச் செய்தது மற்றொன்று. கிராண்டல் மறைந்தவுடன் செய்த முதற்காரியம் நற்காரியமன்று. நிதானம் இழந்து கொள்ளையில் இறங்கினான். நாட்டையே நடுங்கச் செய்தான். வெல்ஸின் கதாநாயகனும் அவ்வாறே. இவ்விருவருக்கும் முன்னோன் ஒருவன் கிரேக்க தத்துவஞானியாகிய பிளாட்டோவின் 'குடியரசு' என்னும் நூலில் உளன். லிடியா தேசத்து இடையன் ஒருவன், பூமி பிளந்தவிடத்து மோதிரம் ஒன்றைக் கண்டெடுக்கிறான். அதன் கல்லை உட்புறமாகத் திருப்பினால் அணிந்தவன் மறைவான். அதனைக்கொண்டு அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைக் கவர்ந்தான். காண்பாரில்லாதவிடத்து நீதிமானும் அநீதிமானும் ஒன்றுபோலவே நடப்பரன்றோ என்பது அந்நூலில் எழுப்பப்படும் வினா. மாயாவி என்னும் பெயரும் இதற்கு இயைந்தது. இராமாயணத்திலே வாலியோடு பொருது, தோற்று, பிலத்தினுட் புகுந்த அசுரன் பெயர் மாயாவி. தமிழில் அப்பெயரைச் சூட்டியவர் இதனை எண்ணிச் சூட்டினரோ எண்ணாது சூட்டினரோ, தொடக்கக் கதையின் கிராண்டலுக்கு அசுரன் பெயர் பொருத்தமேயாம்.

ஆயினும் ஏலமலைச் சரிவுகளிலே அக்கதையைப் படித்த பிள்ளைகள் பிளாட்டோவைப் போல வினவவில்லை. அவர்கள் வினவியது வேறு. ஏலச்செடி ஆளுயரத்திற்கு மேல் வளர்வது. காயோ அடித்தூரிலே, தரையை ஒட்டிப் படரும் சரங்களிற் காய்ப்பது. ஆகையால் காய் எடுப்போர் குந்தியவாறே செடிக்குள் மறைந்து பகல் முழுதும் கழிப்பர். மழைக்காலத்து மூடுபனி இறங்கினாலோ பத்தடிக்கு அப்பால் ஒருவரும் தெரியார். இங்ஙனம் மறைந்தோரையும் மறையவிடாது காப்பதற்கென்றே ஒருவர் உளர். கண்காணி என்னும் சொல்லே கண்ணாற் காண்பவன் என்னும் பொருளது. மறைந்திருப்பவர் பேசினால் அவர் காதுக்குக் கேட்கும். கை நின்றால் மாலையில் தராசுக்குத் தெரியும். ஆள் தெரியாவிடினும் கை தெரிந்தே தீரும். அப்படிப்பட்ட கைகளையுடையோரின் பிள்ளைகள், எந்தக் கண்காணியின் கண்ணுக்கும் அகப்படாத ஒருவனை, கைமட்டும் தெரிய உலாவும் ஒருவனை, தம்மவன் என்று கொண்டமை வியப்பன்று. அவன் திருடன் என்பதனை அவர்கள் பெரிதாகக் கருதியதாக எமக்கு நினைவில்லை.

பின்வந்த கதைகளில் கிராண்டல் திருந்துகிறான். 'நிழற்படை' என்னும் இரகசிய ஸ்தாபனத்தில் உளவாளியாகச் சேர்ந்து, உலகைக் கவர முயலும் கொடியோரை எதிர்க்கிறான். இம்மாற்றத்தைக் குறித்து எம்முள்ளே இன்றளவும் வழக்கு உண்டு. ஆற்றலுடையான் ஒருவன் ஒழுங்கிற்கு உட்பட்டது நன்றே என்பார் ஒரு சாரார். மலைத்தோட்டத்திலிருந்து இறங்கிப் போடியில் உயர்நிலைப்பள்ளியிற் சேர்ந்த எம் நண்பர் ஒருவர் மற்றொரு சாரார். தோட்டத்தில் அவருக்குக் கிடைத்தது முதற் புத்தகம் ஒன்றே. பள்ளித் தோழர்களிடம் ஏனையவற்றைப் பெற்றுப் படித்தபோது, "இவனும் கண்காணியாய்ப் போனானே" என்று வருந்தினாராம். உளவாளி என்பான் பிறரை மறைந்திருந்து காண்பவனாதலால், அவர் கூற்றை முற்றத் தள்ளுதற்கும் இல்லை. எனினும் யாம் முதற் சாராரோடு நிற்கின்றோம். யாரும் காணாத காலத்துத் தீங்கு செய்து, பின் யாரும் காணாத காலத்தே பிறரைக் காக்கவும் செய்தான் எனின், அத்திருத்தம் காண்போர் பொருட்டு நிகழ்ந்ததன்று. பிளாட்டோவின் இடையனுக்கு அவ்வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

இனி ஆர்ச்சி என்னும் யந்திர மனிதன். இவன் மாயாவிக்கு மூத்தவன். 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'லயன்' என்னும் ஆங்கிலப் பத்திரிகை தொடங்கிய நாளன்றே பிறந்தவன். ரிச்சி என்னும் பேராசிரியர் ஆக்க, அவர்தம் மருமகன் டெட் என்பானும் அவன் தோழன் கென் என்பானும் விசைகளைக்கொண்டு தொலைவிலிருந்தே இயக்கினர். தொடக்கத்தில் அவனுக்குப் பேச்சுமில்லை, எண்ணமுமில்லை. இயக்குவோர் கையினின்று கருவி நழுவினால் நின்ற இடத்தே நிற்கும் இரும்புக் குவியலே. பின்னாளில் அவனுக்குப் பேச்சு அருளப்பட்டது. பேச்சு வந்தவுடன் வந்தது தற்புகழ்ச்சி! தன்னினும் வலியவன் இல்லை என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் பறைசாற்றுவான். பேச்சில்லாத ஆர்ச்சியைவிடத் தற்பெருமை பேசும் ஆர்ச்சியையே பிள்ளைகள் விரும்பினர். சதுரங்கத்துக் கோட்டைக் காயைப் போன்ற காலயந்திரம் ஒன்றில் ஏறி அவன் முற்காலத்திற்கும் பிற்காலத்திற்கும் சென்று திரும்பும் கதைகள் தமிழ் வாசகர்க்கு இன்றும் இனியவை.

டிம் கெல்லி என்பான் ஒருவன் உளன்; 1962ஆம் ஆண்டில் தோன்றி, பின்னர் வாலியண்ட் பத்திரிகைக்குக் குடிபெயர்ந்தவன். தென்னமெரிக்காவிலே கிடைத்த மணி ஒன்றை அணிந்திருக்குமளவும் அவனுக்கு ஊறு நேராது. ஆசிரியர் வாரந்தோறும் செய்ய வேண்டியது அம்மணியை அவனிடமிருந்து நழுவச் செய்தல் ஒன்றே. இதற்கு மேல் அவனைக் குறித்துச் சொல்ல எம்மிடம் யாதுமில்லை.

ஸ்பைடரைப் பற்றியோ சொல்லவேண்டுவன பல. அமெரிக்கர்தம் ஸ்பைடர்மேனோடு இவனை மயங்கற்க. அவன் வேறு, இவன் வேறு. இவன் 1965ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'லயன்' பத்திரிகையிலே தோன்றியவன். கருநிற உடை, கூரிய செவி, வலை வீசும் துப்பாக்கி, வாயு வீசும் துப்பாக்கி, விண்ணிற் செல்லும் 'ஹெலிகார்' ஆகியவற்றை உடையவன். பெல்ஹாம் என்னும் கெட்ட விஞ்ஞானியும், பெட்டகங்களை உடைப்பதில் வல்ல ஆர்டினி என்பானும் அவன் ஏவலர். நியூயார்க் நகரத்துத் துப்பறிவோர் இருவர் அவனைத் துரத்திக்கொண்டேயிருப்பர். அவன் விழைவு பொன்னன்று, பொருளன்று. குற்றவாளிகள் அனைவர்க்கும் தானே சக்கரவர்த்தி என்று உலகம் ஒப்பவேண்டும் என்பதே.

இவன் யார், எவ்வூரான், இக்கருவிகளை இயற்றும் அறிவை எங்குப் பெற்றான் என்பதை ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. பூர்வோத்தரம் என்று தலைப்பிட்டு எழுதும் எமக்கு இஃது ஓர் இடர். ஆயினும் சொல்லாமையே இவனுக்கு அணி என்று நினைக்கின்றோம். இரக்கத்திற்குரிய இளமைக் காலம் ஒன்றைக் கற்பித்திருப்பாராயின், அவன் செருக்கிற்கு ஒரு சமாதானம் கிடைத்துவிடும். இப்பொழுதோ அச்செருக்கு எவ்வகைச் சமாதானமுமின்றித் தன்னந்தனியே நிற்கிறது.

கதையைத் தொடங்கியவர் டெட் கோவன். ஆர்ச்சியை ஆக்கியவரும் அவரே. சிறிது காலத்தின் பின் அப்பணி ஜெர்ரி சீகல் என்னும் அமெரிக்கரிடம் சென்றது. படிப்போர் அப்பெயரைச் சற்றுக் கவனிக்க. ஜோ ஷூஸ்டர் என்னும் சித்திரக்காரரோடு கூடிச் சூப்பர்மேனை ஆக்கியவர் இவர். 1938ஆம் ஆண்டில் அதன் உரிமையை இருவருமாக 130 டாலருக்கு விற்றுவிட்டு, பின்னர் நெடுங்காலம் வழக்கிலும் வறுமையிலும் உழன்றவர். உலகில் மிக நல்லவனாகிய வீரனைப் படைத்துக் கைவிட்டுப்போனவரே, கடல் கடந்த ஒரு வாரப் பத்திரிகையில், உலகில் மிகச் செருக்குடைய கள்வனை எழுதினார்.

ஸ்பைடரும் திருந்தியவனே. ஆனால் அவன் திருத்தம் மாயாவியின் திருத்தம் போன்றதன்று. தனக்கு நிகரான காவலர் எவருமின்மையால் குற்றத்தொழில் சலித்துப்போயிற்று, குற்றவாளிகளை அடக்குதலே தன் அறிவிற்கேற்ற ஆட்டம் என்று கண்டான், ஆகவே மாறினான். நன்மை செய்யும்போதும் அவன் புகழ்ந்து கொள்வது தன்னையே. மாயாவியோ எவரும் காணாதவழித் தீயவனாயினான். ஸ்பைடர் எல்லாரும் காணவேண்டும் என்பதற்காகவே தீயவனாயினான், அதன் பொருட்டே நல்லவனும் ஆயினான். இவ்விருவருள் எவனை நம்பி ஊரை ஒப்படைப்பீர் என்று எம் விடுதியில் ஓரிரவு வாதம் நடந்தது. மாயாவிக்கே வாக்குகள் மிகுந்தன. சில நாட்களின் பின், ஸ்பைடரை ஒப்படைத்தால் அவன் புகழாசை கருதியேனும் ஊரைக் கெடாமற் காப்பான், மாயாவியின் செயலையோ நாம் காணவே முடியாதே என்று தோற்ற சாரார் மீண்டும் தொடங்கினர். அவர் வாதத்திற்கு விடையளித்தல் எளிதன்று என்பதனை நடுநிலையோடு பதிகின்றோம்.

தாயகத்தில் இவர்களுக்கு நேர்ந்த கதியையும் சொல்லவேண்டும். 1970களில் 'லயன்', 'வாலியண்ட்' ஆகிய இரண்டு பத்திரிகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, வீரர்களும் மறைந்தனர். 2005ஆம் ஆண்டில் ஆலன் மூர் என்னும் புகழ்பெற்ற ஆசிரியர் வகுத்த கதைப்போக்கில், 'ஆல்பியன்' என்னும் சித்திரக்கதையை அவர் மகளார் லியா மூரும் ஜான் ரெப்பியன் என்பாரும் எழுதினர். அதிலே மாயாவி, ஸ்பைடர் முதலியோர் அரசாங்கத்தாரால் சிறைப்படுத்தப்பட்டு, மக்கள் நினைவினின்றும் அகற்றப்பட்டோராகக் காட்டப்படுகின்றனர். பிறந்த நாட்டில் அவர்கள் இருந்த நிலைக்கு அது தக்க உருவகமே.

அக்கதையைத் தமிழ் வாசகர் படிப்பாராயின் நகைப்பர் என்பது எம் துணிபு. அங்குச் சிறையிலிருந்ததாகச் சொல்லப்படும் அக்காலத்தே இவர்கள் சிவகாசியிலிருந்து புறப்பட்டு, பேருந்து நிலையங்களின் கடைகளிலே கயிற்றில் தொங்கி, போடிமெட்டுச் சாலையில் ஜீப் ஏறிக்கொண்டிருந்தனர். 1984ஆம் ஆண்டில் சௌந்தரபாண்டியனாரின் மைந்தர் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடரும் ஆர்ச்சியும் தமிழரிடையே பெரும்புகழ் பெற்றது அதன் வாயிலாகவே. இடையிற் சில காலம் அவ்வெளியீடுகள் தளர்ந்து, 2012ஆம் ஆண்டில் புதுப்பொலிவுடன் மீண்டன, இன்றும் வெளிவருகின்றன. வழவழப்பான தாளில் வர்ணப் பக்கங்களோடு வரும் புதுப் புத்தகங்களை எம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கின்றனர். மாயாவியின் மறுபதிப்பை அவர்கள் கையிற் கொடுத்தால், வர்ணம் ஏன் இல்லை என்று முதலிற் கேட்கின்றனர். பத்துப் பக்கம் சென்றபின், மறைவு எப்பொழுது கலையும் என்று கேட்கின்றனர்.